கடைசிகாலத் தீர்க்கதரிசனங்களை வாசிக்கும் முறை

வேலூர், காட்பாடிப் பகுதி வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறப்பவர்கள், அன்றைய செய்தியோடு வசனத்தைப் பொருத்திப் பார்க்கும் அவசரத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். ரோம ஆட்சியின்கீழ் ஆசியா மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) இருந்த எபேசு, சிமிர்னா முதலான 7 சபைகளுக்கு எழுதப்பட்ட அந்நூலை, உபத்திரவத்தில் வாழ்ந்த அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று கேளுங்கள்.

அடையாளங்களுக்கு வேதத்திலேயே விளக்கம் தேடுங்கள். 13-ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து எழும்பும் மிருகத்துக்குச் சிறுத்தையின் சாயலும், கரடியின் கால்களும், சிங்கத்தின் வாயும் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டு நூலான தானியேலின் 7-ஆம் அதிகாரத்தில் தனித்தனியாக வந்த மிருகங்களே இங்கு ஒன்றாகக் கலந்து நிற்கின்றன, அவை ராஜாக்களைக் குறிப்பதாக அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் தானியேலைத் திறந்து வைக்காமல் இப்பகுதியை வாசிப்பது வீண் என்பதே என் உறுதியான எண்ணம்.

20-ஆம் அதிகாரம் சொல்லும் கிறிஸ்துவின் 1000 வருட அரசாட்சியைப் பற்றிச் சபைகளுக்குள் கருத்துவேறுபாடு உண்டு. அதைப் போதகரோடு பொறுமையாகப் படிக்கலாம். கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்குத் தேதி குறிப்பவர் எத்தனை பிரபலமான ஊழியராயினும், அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர வேறொருவரும் அறியார் என்னும் மத்தேயு 24:36-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.