பாட்காஸ்ட்: இந்தச் சொல்லுக்குக் கதை கட்டுறப்ப பண்ற தப்புங்க

பாட்காஸ்ட்னா நெட்லேருந்து எறக்கி வேணுங்கிறப்ப கேக்குற ஒலி நிகழ்ச்சி. அதுல வர்ற 'பாட்'ங்கிறது பிளே ஆன் டிமாண்டோட (கேட்டப்ப ஓடுறது) சுருக்கம்னு சொல்றத மொதல்ல விட்ருங்க. கேக்க பொருத்தமாத்தான் இருக்கு, அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க, ஆனா சொல்லு பொறந்தப்புறம் யாரோ ஒட்டவச்ச விளக்கம் அது. அந்தப் 'பாட்' ஆப்பிள் கம்பெனியோட பாட்டு பிளேயர் ஐபாட்லேருந்து வந்தது. ஐபாட் வந்தது 2001 அக்டோபர்ல, பேர் சொன்னவர் வின்னி சீக்கோன்னு ஒரு விளம்பர எழுத்தாளர், வெள்ளையா இருந்த மாடல பாத்ததும் 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்துல விண்கலத்துலேருந்து வெளிய போவுமே 'பாட்'னு ஒரு குட்டி ஓடம், அது ஞாபகம் வந்துச்சாம்.

அப்ப பாட்காஸ்டுங்கிற பேரயும் ஆப்பிள்தான் வச்சதுன்னு நெனச்சிடாதீங்க. 2004 பிப்ரவரில இங்கிலாந்தோட கார்டியன் பத்திரிகைல பென் ஹாமர்ஸ்லிங்கிற பத்திரிகையாளர் இந்தப் புது விஷயத்தப் பத்தி எழுதுறப்ப, இத என்னன்னு கூப்பிடுறதுன்னு கேட்டு மூணு பேர அடுக்குனார், நடுவுல இருந்ததுதான் பாட்காஸ்டிங். ஐடியூன்ஸ்ங்கிற தன்னோட பாட்டு சாஃப்ட்வேர்ல ஆப்பிள் இத சேத்ததே 2005 ஜூன்லதான். முன்னாடி எம்டிவில தொகுப்பாளரா இருந்த ஆடம் கரிதான் பேர் வச்சார்னும் சிலர் சொல்வாங்க, அவர் பரப்புனவர், அவ்ளோதான்.

'காஸ்ட்' இருக்கே, அதுதான் எனக்குப் புடிச்ச பாதி. தமிழ்ல எழுதுனா விலைங்கிற காஸ்ட்டும் இதுவும் ஒண்ணா தெரியும், அதுல மாட்டிக்காதீங்க, இது பிராட்காஸ்ட்லேருந்து வெட்டுன வாலு. அந்த பிராட்காஸ்ட்டு ரேடியோக்காரங்க உண்டாக்குனதுன்னு நெனக்கிறதும் தப்பு, ரேடியோவுக்கு ரொம்ப முன்னாடியே இங்கிலீஷ்ல விவசாயிங்க சொன்ன வார்த்தை அது, வெதைய கையில அள்ளி வயல் பூரா பரவலா வீசி வெதைக்கிறது. நம்ம மொரீசியஸ்ல சுத்தி எங்க பாத்தாலும் கரும்பு, அதுக்கு இந்த வேலை ஆகாது, கரணை வெட்டி சால்ல வரிசையா படுக்க வச்சு மண்ணு தள்ளணும், அதனால பசங்களுக்கு சொல்றப்ப கரும்பக் காட்டாம, பாத்தில கீரை வெதை தூவுறதக் காட்டுங்க, சட்டுனு புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, இங்க பிரெஞ்சு படிச்சவங்க சிலர் பாட்காஸ்டுக்கு பலாதோதிஃப்யூஸியோன்தான் பாரிஸ் பிரெஞ்சு, பாட்காஸ்டுன்னா கொச்சைன்னு அடிச்சு சொல்வாங்க. அது கனடாவுல கியூபெக்காரங்க 2004-ல கட்டுன சொல்லு. பலாதர்னா வாக்மேன் மாதிரி காதுல மாட்டிக்கிட்டு நடந்துகிட்டே கேக்குற பிளேயர், அந்தத் தலைய எடுத்து திஃப்யூஸியோன்ல, அதாவது ஒலிபரப்புங்கிற சொல்லுல, கோத்துட்டாங்க. பிரான்ஸ்ல போய் கேளுங்க, ல பாட்காஸ்டுன்னுதான் சொல்லுவாங்க.