பழைய பரிசலுக்கு தார் போடறதுக்கு முன்னாடி மூங்கில பாருங்க

ஆடி மாசம் கர்நாடகால கபினி அணையும் கேஆர்எஸ் அணையும் நெரம்பி தண்ணி தொறந்துட்டா, காவேரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற பிலிகுண்டுலுல கன அடி ஏறிட்டே போகும், ஒகேனக்கல்ல பரிசலுக்கு தடை போட்டுருவாங்க. ஆனா மழை பெய்யறது குடகுலயும் வயநாட்டுலயும் தான், நம்ம பென்னாகரம் பக்கம் வெயிலும் காத்துமா இருக்கும். பரிசல் ரிப்பேருக்கு இத விட தோதான நேரம் கெடையாதுங்க.

கரையேத்தி குப்புற கவுத்து, வாய்ச்சுத்துக்கு (பரிசலோட மேல் விளிம்பு) அடியில நாலு செங்கல் குடுங்க, காத்து உள்ள பூந்து வரணும். அப்படியே நாலு நாள் காயட்டும். பழைய தார சொரண்டறத விடியகாலைலயே முடிச்சுருங்க, அப்போ தட்டுனா ஓடு ஓடா பேந்து வரும், மதியத்துக்கு மேலன்னா பபுள்கம் மாதிரி இழுத்துட்டு கத்திய விடவே விடாது.

இப்போ தான் முக்கியமான வேலை. அடிப்பக்கம் நடு மையத்துல ஒவ்வொரு பிளாச்சையும் (பொளந்த மூங்கில் பட்டை) கட்டை வெரலால அழுத்தி பாருங்க, பாறைல ஒரசி எப்பவும் ஈரமாவே கெடக்கறதால மொதல்ல உளுக்கறது அங்க தான். குண்டூசி ஓட்டையும் மாவு கொட்டறதும் தெரிஞ்சா வண்டு, அந்த பிளாச்ச மாத்தியே ஆகணும். புதுசுக்கு மூணு வருசமாவது முத்துன மூங்கில் எடுத்து பொளந்து ஆத்துல நல்லா ஊற போடுங்க, வண்டு திங்கறது மூங்கில்ல இருக்கற மாவுச்சத்த தான், ஊறுனா அது கொறைஞ்சுரும். பழச மொதல்லயே உருவிராதீங்க, பக்கத்துலயே புதுச சொருகிட்டு அப்பறம் உருவுங்க, இல்லன்னா பரிசல் கோணிக்கும்.

புது பிளாச்சு நல்லா காயணும். நாங்க ஒரு வருசம் அவசரப்பட்டு ஈரத்தோடயே தார் பூசிட்டோம், வெயில் ஏற ஏற அப்பளம் மாதிரி பொங்கிருச்சு, ஒரு மாசத்துல எல்லாம் உரிஞ்சு வந்துருச்சு, மாமா திட்டுனது தனி கதை.

தார் காய்ச்சறது கூரை, சருகு இல்லாத எடத்துல, சின்ன தீ தான். டின்னுல சொட்டு தண்ணி கூட இருக்க கூடாது, நொரைச்சு மேல தெறிக்கும். தீ புடிச்சுருச்சுன்னா தகரத்தால மூடுங்க, இல்ல மண்ண போடுங்க, தண்ணி மட்டும் ஊத்திராதீங்க. கைல பட்டா பச்ச தண்ணில காட்டிட்டு, ஒட்டுனத பிய்க்காம ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

மொதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, சூடு ஆறறதுக்குள்ள தச்சு வெச்ச உரச்சாக்க இழுத்து விரிச்சு ஒட்டி, வாய்ச்சுத்துல நைலான் கயிறால தச்சுட்டு, மேல இன்னொரு பூச்சு. (முன்னாடி தோல் கட்டுவாங்க, இப்போ எல்லாம் பிளாஸ்டிக் தான்.) வட்டமா இருக்கறதால சாக்கு மடிப்பு விழ தான் செய்யும், எல்லா மடிப்பும் ஒரே பக்கமா சாயணும், உள்ளயும் தார் போகணும். ஒழுகறது பாதிக்கு மேல மடிப்புல தான்.

ரெண்டு நாள் காஞ்சதும் கரையோரம் மொழங்கால் தண்ணில எறக்கி, உள்ள காஞ்ச சாம்பல தூவி நாலு கல்லு வெச்சு அரை மணி நேரம் விடுங்க. ஓட்டை இருந்தா அந்த எடத்துல சாம்பல் கறுத்துரும். வெளிய தூக்கறதுக்கு முன்னாடி அது வாய்ச்சுத்துல இருந்து எத்தன சாண்னு அளந்து வெச்சு நேரா ஒரு கயிறும் கட்டிக்கங்க, கவுத்து போட்டா எல்லா எடமும் ஒரே கறுப்பு தான்.