பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்கு முன்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை நிறுத்துவதில்லை. முதலில் ஒரு திங்கட்கிழமை வராது. அடுத்த வாரம் வெள்ளியும் சேர்ந்துகொள்ளும். தொடர்ச்சியாக எத்தனை நாள் வரவில்லை என்று மட்டும் கணக்குப் பார்த்தால், இப்படி விட்டுவிட்டு எடுக்கும் விடுப்பு கண்ணில் படாது. கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டை நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் வராத நாட்கள் முகூர்த்த நாட்களாகவோ அவற்றுக்கு மறுநாளாகவோ இருந்தால், அவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான் என்று சந்தேகிக்கலாம். மாணவி ஒருத்தி மாதந்தோறும் மூன்று நான்கு நாள் வராவிட்டால், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, பெரிய தவறு: "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா." அப்பாவுக்கு அன்றைய கூலி போகும். குடிக்கிற அப்பா என்றால் பிள்ளைக்கு அடி விழும். இரண்டுக்கும் பயந்து பிள்ளை மறுநாளும் வராது. நாம் சொன்ன சொல்லே அதை வெளியே தள்ளிவிடுகிறது. வகுப்பு நடுவில் எழுப்பி "ஏன் வரல?" என்றால் "காய்ச்சல் சார்" என்றுதான் பதில் வரும். இடைவேளையில் தனியாக அழைத்து, "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்கின?" என்று கேளுங்கள். விஷயம் தானாக வெளியே வரும். மூன்றாம் நாளுக்குள் வீட்டுக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்து பெற்றோர் திரும்பியிருக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் போவது நல்லது.

பணமுடை உள்ள வீட்டில் புத்திமதி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்பா இல்லாத பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைப் பிள்ளை, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் விழுந்த பிள்ளை ஆகியோருக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

1098-ஐ அழைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்குவதும் தவறு. அது குழந்தைகளுக்காக 24 மணி நேரமும் இயங்கும் இலவச உதவி எண். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால், பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, நகையும் வாங்கிவிட்ட பிறகு எந்தக் குடும்பமும் எளிதில் பின்வாங்காது. பெண் பார்க்க வருகிறார்கள் என்ற சேதி வந்த அன்றே அழையுங்கள்.