ஆம்பில் ரிவெர்ப் வரவில்லையா? ஒரு தட்டு போதும்

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரியான வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ரிவெர்ப், அதாவது எதிரொலி, நின்றுவிட்டால், உடனே வால்வு வாங்க ஓடாதீர்கள். ரிவெர்ப் குமிழை ஏற்றிவிட்டு, பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் டாங்கை (எதிரொலியை உண்டாக்கும் ஸ்பிரிங்குகள் உள்ள பெட்டி) விரலால் லேசாகத் தட்டுங்கள். இடி மாதிரி 'டமார்' என்று கேட்டால், டாங்கிலிருந்து சிக்னல் திரும்பி வரும் பாதை சரி. கோளாறு டாங்குக்குள் சிக்னல் போகும் பக்கம். சத்தமே இல்லையென்றால், முதலில் ஃபுட்சுவிட்சைப் (ரிவெர்பைக் காலால் அணைக்கும் சுவிட்ச்) பாருங்கள், அப்புறம் டாங்கிலிருந்து சிக்னல் வெளியேறும் பக்கம்.

ஆம்பை அணைத்து, டாங்கில் செருகியிருக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிள்களைக் கழற்றி, டாங்கின் சாக்கெட்டுகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். இந்த ஆம்பின் டாங்கில் உள்ளீடு சுமார் 1 ஓம், வெளியீடு சுமார் 200 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே தலைமுடி போன்ற கம்பி அறுந்திருக்கும்; பெரும்பாலும் சாக்கெட் அருகில்தான். அதை சால்டர் வைத்துப் பற்றவைத்தாலே போதும். ஆம்பின் சேசிஸை (மின்சுற்று இருக்கும் உலோகக் கூடு) மட்டும் திறக்காதீர்கள்: அணைத்த பிறகும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் நிற்கும்.