அப்பா அம்மா விஷயத்தைக் கூடப் பிறந்தவர்களோடு சண்டையில்லாமல் பேசுவது எப்படி?

அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தாலே பல வீடுகளில் அண்ணன் தங்கைக்குள் முகம் சுருங்கிவிடும். ஊரில் கூடவே இருக்கும் தங்கைக்கு "மாசம் பணம் அனுப்பினா போதுமா?" என்று இருக்கும், வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ "என்னைக் கேட்காமலே எல்லாம் முடிவு பண்றாங்க" என்று இருக்கும். ரெண்டுமே உண்மைதான்.

முதலில், கூடப் பிறந்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள். 2018ல் உளவியலாளர் நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட மூவர் 25 சோதனைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்தது ஊகத்தைத் துல்லியமாக்கவில்லை. அவரிடமே பேசித் தெரிந்துகொண்டதுதான் உதவியது.

கேள்வி விசாரணை மாதிரி இருக்கக் கூடாது. "ஏன் வரலை?" என்றால் எதிரில் இருப்பவர் வக்கீலாகிவிடுவார். "போன வாரம் ராத்திரி தூங்க முடிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள், அப்பா நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வது, லீவு கிடைக்காதது, வீட்டுக் கடன் எல்லாம் தானாக வெளியே வரும்.

அப்புறம், அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன வழி: அவர் சொன்னதை, அவரே "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் தரப்பைப் பேசுங்கள். கேட்க எளிது, கோபத்தில் நாலு வரி கூடச் சரியாக வராது.

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம், போன் பண்ணிப் பேசுங்கள். புரிந்துகொண்டதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் தேவையில்லை; மருந்துச் செலவு யாருடையது, டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்பதை அதே போனில் பேசி முடித்துவிடுங்கள்.