கார் ஷெட் தரை: 'கவர் 40' என்றால் எங்கிருந்து 40?

கார் ஷெட் தரைக்கு கான்கிரீட் போடப் புறப்படுகிறவர்கள் எந்த சிமென்ட் வாங்குவது என்று அரை நாள் பேசுவார்கள். வரைபடத்தின் ஓரத்தில் '125 தடிமன், 8 மி.மீ. @ 200 சி/சி இருபக்கமும், மேல் கவர் 40' என்று ஒரு வரி இருக்கும். அதாவது 125 மி.மீ. தடிமன் தரையில், 8 மி.மீ. கம்பிகள் நடுவுக்கு நடு 200 மி.மீ. இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக ஒரே வலை. அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

கவர்

கம்பியின் வெளிப்பரப்புக்கும் கான்கிரீட்டின் முகத்துக்கும் உள்ள தூரம்தான் கவர். எந்த முகம் என்பதில்தான் கோளாறு. கூரை போட்டே பழகிய கம்பி கட்டுபவர் 'கவர்' என்றதும் 20 மி.மீ. கவர் பிளாக்கை (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை) எடுத்து வலைக்கு அடியில் வைப்பார். கூரைக்கு அது சரி. சுவருக்குச் சுவர் நிற்கும் தளத்தில் நடுப்பகுதியின் இழுவிசை அடிப்பக்கம் விழுகிறது. தரைத்தளத்தைத் தாங்குவதோ கெட்டித்த மண். இங்கே கம்பிக்கு வேறு வேலை: காயும்போது மேல்முகம் முதலில் சுருங்கி வெடிக்கும், அந்த வெடிப்பு வாய் பிளக்காமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் வலை மேல்பாதியில் இருந்தாக வேண்டும்.

கணக்கு எளிது. 125-இல் மேல் கவர் 40, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பிக்கு 16 போனால் மீதி 69. ஆக, வலையைத் தாங்க 70 மி.மீ. உயரச் 'சேர்' (நாற்காலி போல் நிற்கும் தாங்கி) வேண்டும். 8 மி.மீ. கம்பி ஆள் மிதித்தால் வளையும். எனவே 75 செ.மீ.க்கு ஒன்று. 6 மீட்டருக்கு 3.5 மீட்டர் ஷெட் என்றால் ஏறக்குறைய 50 சேர். மணலில் நேரடியாக நிறுத்தினால் கால் புதையும், அடியில் தட்டையான கான்கிரீட் துண்டு வையுங்கள். செங்கல் துண்டு வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பிறகு அந்தப் பழைய சமாதானம்: "கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கிக்கலாம் சார்." தூக்குவார்கள்தான். தூக்கிய இடத்தையே அடுத்த நிமிடம் சட்டியோடு வருபவர் மிதிப்பார், வலை மறுபடி மணலில் படுத்துவிடும். இந்த அளவு ஷெட்டுக்குக் கம்பி சுமார் 84 கிலோ. அத்தனையும் காசு கொடுத்து மண்ணில் புதைத்ததுதான். வெடிப்பையும் பிடிக்காது, ஈரத்தில் துருவும் பிடிக்கும். மேலே பார்த்தால் தரை வழவழவென்றிருக்கும், அதுதான் எரிச்சல். கொட்டுமுன் பக்கப் பலகைகளின் மேல்விளிம்பில் நூல் கட்டி, கம்பி வரை டேப் பிடியுங்கள். 40 வராத இடத்தில் லாரியை நிறுத்திவைக்கலாம், தப்பில்லை.

லேப்

ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், 8 மி.மீ.க்கு 45 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். எல்லா லேப்பும் ஒரே வரிசையில் வரக் கூடாது.

500 டி

கம்பியின் தரக் குறியீடு இது. 'டி' விட்டமல்ல. முறியாமல் நீண்டுகொடுக்கும் தன்மை கூடுதல் என்று பொருள்.

ஃபைபர்

கான்கிரீட்டில் கலக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை. முதல் சில மணி நேர மயிர்வெடிப்புக்கு மட்டும். கம்பிக்கு மாற்று அல்ல.

"கம்பி போட்டாச்சு, வெடிக்காது"

வெடிக்கும். எங்கே வெடிக்கட்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். 6 மீட்டர் நீளத்தின் நடுவில் குறுக்கே ஒரு ஜாயின்ட், அதாவது மேல்முகத்தில் ஒரு கோட்டுப் பள்ளம், வெட்டுங்கள்; வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விழும். ஆழம் தடிமனில் கால்பங்கு, அதாவது 31 மி.மீ. ஓரம் பெயராத அளவு இறுகியதும், பெரும்பாலும் மறுநாள் காலைக்குள், வெட்டி முடிக்க வேண்டும். கம்பி சொன்னபடி 40-இல் இருந்தால் பிளேடு அதைத் தொடாது.