இஎஸ்பி32 போர்டில் ஃப்ளாஷ் பார்ட்டிஷன் பிரிப்பது எப்படி?

வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ள சின்ன மைக்ரோகண்ட்ரோலரான இஎஸ்பி32 போர்டில் புதிதாக வேலை செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். 4 எம்பி ஃப்ளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள போர்டு கையில் இருக்கும். வைஃபை, புளூடூத் இரண்டையும் சேர்த்து புரோகிராமை பில்ட் செய்தால், இடம் போதவில்லை என்று எரர் வரும். இஎஸ்பி32-க்கான மென்பொருள் தொகுப்பான ஐடிஎஃப் தானாகப் போட்டுத் தரும் பார்ட்டிஷன் டேபிளில் (ஃப்ளாஷில் எந்தப் பகுதி எதற்கு என்ற பட்டியல்) செயலிக்கு, அதாவது நாம் எழுதும் புரோகிராமுக்கு, 1 எம்பி மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். மீதி இடத்தை நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இதை முதல் நாளே யோசித்துச் செய்துவிடுங்கள். செயலியை வைஃபை வழியாக, அதாவது ஓடிஏ முறையில், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பார்ட்டிஷன் டேபிளை அப்படி மாற்றுவது ஆபத்து. எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் போர்டு பூட்டே ஆகாது. ஒருமுறை செயலிக்கு இடத்தைக் குறைத்து வைத்து, போர்டையும் உயரத்தில் பொருத்திவிட்டேன். பிறகு கோட் வளர்ந்தபோது ஏணி போட்டு ஏறி, கேபிள் செருகித்தான் சரிசெய்ய முடிந்தது.

படி 1: ஃப்ளாஷின் அளவைப் பாருங்கள்

இஎஸ்பிடூல் கருவியில் ஃப்ளாஷ் ஐடி கட்டளையைக் கொடுத்தால் அளவு தெரிந்துவிடும். சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்துக் குழம்ப வேண்டாம். டபிள்யூ25கியூ32 என்று இருந்தால் அந்த 32 மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 4 எம்பி.

படி 2: எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய இஎஸ்பி32 சிப்பில் பூட்லோடர் (போர்டு ஆன் ஆனதும் செயலியைத் தொடங்கி வைக்கும் சின்ன புரோகிராம்) 4 கேபியில் தொடங்கும். பார்ட்டிஷன் டேபிள் 32 கேபியில் உட்கார்ந்திருக்கும். ஃப்ளாஷை 4 கேபி கொண்ட செக்டார்களாகத்தான் அழிக்க முடியும் என்பதால் டேபிளுக்கு ஒரு முழு செக்டார் போய்விடும். ஆக, நமக்குக் கிடைப்பது 36 கேபியிலிருந்து. இன்னொரு விதி: செயலிப் பகுதி எதுவானாலும் 64 கேபியின் மடங்கில்தான் தொடங்க வேண்டும்.

படி 3: சிஎஸ்வி கோப்பை எழுதுங்கள்

புராஜெக்ட் ஃபோல்டரில் பார்ட்டிஷன்ஸ் டாட் சிஎஸ்வி என்ற கோப்பை உருவாக்குங்கள். ஒரு வரிக்கு ஒரு பகுதி: பெயர், டைப், சப்டைப், ஆஃப்செட் (தொடங்கும் இடம்), அளவு. ஆஃப்செட்டைக் காலியாக விட்டால் ஐடிஎஃப் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் எப்போதும் காலியாகவே விடுவேன். 4 எம்பி போர்டுக்கு நான் போடுவது இது (கோப்பில் ஆங்கிலத்தில் அடியுங்கள்):

என்விஎஸ், டேட்டா, என்விஎஸ், , 16கே
ஓடிஏடேட்டா, டேட்டா, ஓடிஏ, , 8கே
ஃபை_இனிட், டேட்டா, ஃபை, , 4கே
ஓடிஏ_0, ஆப், ஓடிஏ_0, , 1600கே
ஓடிஏ_1, ஆப், ஓடிஏ_1, , 1600கே
ஸ்டோரேஜ், டேட்டா, ஸ்பிஃப்ஸ், , 832கே

கூட்டிப் பாருங்கள். 36 உடன் 16, 8, 4 சேர்ந்தால் சரியாக 64 கேபி. முதல் செயலி அங்கே தொடங்கி 1664-இல் முடிகிறது, இரண்டாவது 3264-இல். மீதி 832-ஐச் சேர்த்தால் 4096, அதாவது முழு 4 எம்பி. ஒரு கேபிகூட வீணாகவில்லை.

என்விஎஸ் பகுதியில்தான் வைஃபை பாஸ்வேர்ட் போன்ற சின்னச் சின்ன அமைப்புகள் தங்கும். அதை 12 கேபிக்குக் கீழே குறைக்காதீர்கள். ஃபை_இனிட் ரேடியோ அமைப்புக்கான இடம். ஓடிஏடேட்டாவுக்கு ஏன் 8 கேபி? எந்தச் செயலியிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பு இரண்டு செக்டார்களில் இருக்கும். ஒன்றை எழுதும்போது மின்சாரம் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். செயலிக்கு இரண்டு இடம் வைப்பதும் இதே பாதுகாப்புக்குத்தான்: புதியது ஒன்றில் இறங்கும்போது பழையது இன்னொன்றில் பத்திரமாக இருக்கும்.

ஸ்டோரேஜ் பகுதியில் கோப்புகளை வைக்கும் ஃபைல் சிஸ்டமான ஸ்பிஃப்ஸ் பற்றி ஒன்று. கொடுத்த இடத்தில் முக்கால் பங்குதான் நம்பிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் நிரப்பினால் ஒருமுறை எழுதவே சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே 832 கேபியில் சுமார் 620 கேபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: மெனுகான்ஃபிக்கில் இரண்டு இடம்

ஐடிஎஃப்பின் அமைப்புத் திரையான மெனுகான்ஃபிக்கைத் திறந்து, பார்ட்டிஷன் டேபிள் மெனுவில் கஸ்டம் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் சீரியல் ஃப்ளாஷர் கான்ஃபிக் மெனுவுக்குப் போய் ஃப்ளாஷ் அளவை 4 எம்பி ஆக்குங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது வழக்கமாக 2 எம்பி என்றே இருக்கும். மாற்றாவிட்டால், டேபிள் ஃப்ளாஷுக்குள் அடங்கவில்லை என்று பில்ட் நின்றுவிடும். சிஎஸ்வியில் தப்பு தேடி நேரம் போகும்.

படி 5: அழித்துவிட்டு ஏற்றுங்கள்

புது டேபிளை ஏற்றுவதால் பழைய தரவு தானாக அழியாது. முன்பு செயலி இருந்த இடம் இப்போது ஸ்டோரேஜ் ஆகியிருக்கலாம். அங்கே பழைய கோட் குப்பையாகக் கிடக்கும். அதனால் முதலில் இரேஸ் ஃப்ளாஷ் கட்டளை, பிறகு ஏற்றுவதற்கான ஃப்ளாஷ் கட்டளை. இரேஸ் செய்தால் என்விஎஸ்ஸில் இருக்கும் வைஃபை பாஸ்வேர்டும் போய்விடும், முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: லாகைப் படியுங்கள்

போர்டு அனுப்பும் லாகைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து போர்டை ரீசெட் செய்தால், பூட்லோடர் டேபிளை வரிவரியாகக் காட்டும். ஆஃப்செட்கள் ஹெக்ஸ் எண்ணில் வரும். என்விஎஸ் 9000, முதல் செயலி 10000, ஸ்டோரேஜ் 330000 என்று இருந்தால் கணக்கு சரி. பில்ட் முடிவில் செயலிப் பகுதியில் எத்தனை சதவீதம் காலி என்றும் ஒரு வரி வரும். அது 20-க்குக் கீழே இருந்தால் ஸ்டோரேஜைக் குறைத்துச் செயலிக்குக் கொடுங்கள். போர்டு இன்னும் மேசையில்தானே இருக்கிறது. ஒருமுறை ஓடிஏ அப்டேட்டும் செய்து, போர்டு ஓடிஏ_1 பகுதியிலிருந்து பூட் ஆவதை லாகில் பார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.